உடும்பு வீட்டுப் பித்தளைக் குடங்கள்

எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னதுமே கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். "கருவேப்பிலங்குறிச்சியா? அப்போ வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை இருக்குமே! தாளிக்கக் காசே குடுக்க வேண்டாம்" என்பார்கள். மரம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கறிவேப்பிலைக்காக யாரும் பஸ் ஏறி வரவேண்டிய ஊர் இல்லை அது. என் தாய் வீடு அங்கே. நாங்கள் வீட்டில் 'குறிச்சி' என்றுதான் சொல்வோம்.

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தது விருத்தாசலத்துக்கு. விருத்தாசலம் என்றால் உங்களில் பலருக்குப் பழமலைநாதர் கோயில் தெரிந்திருக்கும். கோபுரமும் ஐந்து, கொடிமரமும் ஐந்து. முந்திரிக்கொட்டையும் தெரிந்திருக்கும். ஆனால் நீங்கள் வாங்கிய கொலு பொம்மையோ, கார்த்திகைக்கு ஏற்றிய பீங்கான் அகலோ, வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையோ எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம் என்பது தெரியுமா? செராமிக் தொழிற்பேட்டை, அதற்கென்று அரசாங்கப் படிப்பு எல்லாம் இங்கே உண்டு. என் வீட்டுக்காரர் ஒரு சின்னப் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். எங்கள் வீட்டில் காது உடைந்த யானையும், கண் எழுதாத தசாவதாரமும் பரண் நிறையக் கிடக்கும்.

குறிச்சிக்கு வருவோம். ஊரை ஒட்டி வெள்ளாறு. மேற்கே மலைப் பக்கம் பிறந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் சேருகிற ஆறு. விருத்தாசலம் மணிமுத்தாறும் இதில்தான் கூடலையாத்தூரில் வந்து கூடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் கரை தொட்டு ஓடும். தை பிறந்துவிட்டால் ஒரு ஓரமாக ஒதுங்கிப் போய், மற்ற இடமெல்லாம் மணல். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த மணலைச் சொல்கிறேன். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். இப்போது அள்ளி அள்ளி மேடும் பள்ளமுமாகி, சீமைக்கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. அந்த மணலில்தான் எங்கள் தாத்தா பேர் எடுத்தார்.

அப்பாவைப் பெற்ற தாத்தா. சடுகுடு ஆட்டக்காரர். அந்தக் காலத்துத் தென்னாற்காடு ஜில்லாவில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாத ஊர் இல்லை என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பாடிப் போவதில் கெட்டிக்காரர் நிறையப் பேர் இருந்தார்களாம். தாத்தா பிடியில் கெட்டிக்காரர். எதிராளி மூச்சு விடாமல் பாடிக்கொண்டே வந்து, தொட்டுவிட்டுத் திரும்பும் சமயம், பின்காலைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் கணுக்காலைப் பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார். ஐந்து விரலும் ஐந்து ஆணி என்று ஒருவர் சொன்னார். அதனால் 'உடும்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீடும் 'உடும்பு வீடு' ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை "உடும்பு வீட்டுப் பொண்ணு" என்று கூப்பிடும்போது அழுகை வரும். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், "ஓ, உடும்பு வீடா! அப்ப சரி" என்று ஒரே பேச்சில் முடித்தபோதுதான் அந்தப் பேரின் மதிப்பு தெரிந்தது.

அறுவடை முடிந்ததும் ஆட்டம் ஆரம்பிக்கும். பொங்கலை ஒட்டிப் பத்து நாள் ஊர் ஊராக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்களாம். மின்சார விளக்கு ஏது? பெட்ரோமாக்ஸ் வைத்து இரவெல்லாம் ஆட்டம். ஜெயித்த கட்சிக்கு ஆட்டுக்கிடா, தலையாட்டக்காரருக்குப் பித்தளைக் குடம் அல்லது அண்டா. கிடா அன்றைக்கே குழம்பாகிவிடும். அதற்கு என்ன சாட்சி இருக்கப் போகிறது! குடங்கள் மட்டும் வீட்டுக்கு வந்தன. மொத்தம் ஒன்பது குடமும் ஓர் அண்டாவும் என்பது ஆயாவின் கணக்கு. (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.)

அந்த ஒன்பது குடமும் எங்கே போயின என்று கேட்டால்தான் கதை. தாத்தாவுக்கு மூன்று பெண்கள், இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பெண் கல்யாணத்துக்கும் ஆயா மும்மூன்று குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துச் சீர் வரிசையில் வைத்துவிட்டார். தாத்தா வாய் திறக்கவில்லையாம். இன்றைக்கு ஒரு குடம் பெண்ணாடம் பக்கம், இரண்டு ஸ்ரீமுஷ்ணம் பக்கம், மற்றவை எங்கெங்கோ. ஒரு குடத்தை மட்டும் கஷ்ட காலத்தில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சில குடங்களில் ஊர்ப் பேரும் வருஷமும் பொறித்திருக்கும். பெரிய அத்தை வீட்டுக் குடத்தில் '1951' என்பது இன்னும் தெரிகிறது. தாத்தாவைப் பற்றி எழுத்தில் இருப்பது உலகத்திலேயே அவ்வளவுதான். பேப்பரில் வந்ததில்லை, போட்டோ எடுத்ததில்லை.

வெளியில் எல்லாரும் பிடியைப் பேசுவார்கள். வீட்டுக்குள் ஆயா முழங்காலைத்தான் பேசுவார். 1954-ல் ஓர் ஆட்டத்தில் நான்கு பேர் மேலே விழுந்து, தாத்தாவின் இடது முழங்கால் திருகிக்கொண்டது. வீங்கிப் போயிற்று. உடனே எண்ணெய் போட்டு உருவி விட்டார்கள், சூடு ஒத்தடம் கொடுத்தார்கள், எட்டாம் நாள் மறுபடி களத்தில் இறக்கிவிட்டார்கள். ஊர் மானம் ஆயிற்றே! அந்த ஆட்டம் ஜெயித்தது. முழங்கால் போனது போனதுதான். அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. மத்தியஸ்தராக நின்றார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல், ராத்திரி சாப்பாடு ஆனதும் ஆயா ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் சூடு பண்ணி எடுத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன். "பேரு ஊருக்கு, காலு எனக்கு" என்பார் ஆயா. கசப்பாகச் சொல்லமாட்டார். இட்லிக்கு அரிசி நனைத்தாகிவிட்டது என்பது மாதிரி சொல்வார்.

தாத்தா 1991-ல் காலமானார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அதற்கு முந்தின வருஷம் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் முதல் முறையாகக் கபடியைச் சேர்த்து, நம் நாட்டுக்குத் தங்கமும் கிடைத்தது. ரேடியோவில் கேட்டு அப்பா ஓடிவந்து சொன்னார். தாத்தா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நம்ம சடுகுடுவுக்கா? தங்கமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "எங்களுக்குக் குடம் குடுத்தாங்க. அது புழங்க ஆச்சு" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

இந்தப் பொங்கலுக்குக் குறிச்சியில் எல்லாரும் கூடினோம். காணும் பொங்கலன்று தாத்தாவுக்குப் படையல் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பெரிய அத்தை வந்திருந்தார்; வயசு எழுபத்தெட்டு. அண்ணன், அண்ணி, எட்டாவது படிக்கும் அவர்கள் பெண், நாங்கள். என் பிள்ளை சென்னையில் காலேஜில் படிக்கிறான். பையைத் திறந்து ஒரு பந்தை எடுத்து வைத்தான். பந்தா அது? பூசணிக்காயை இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. "ரக்பிம்மா. காலேஜ் டீம்ல இருக்கேன்" என்றான். ஆறு மாசமாக ஆடுகிறானாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரக்பி என்றால் என்னவென்று அவன் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஏழு பேர் ஆடுகிற வகையும் உண்டு. 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸில் சேர்த்தது இந்த ஏழு பேர் ஆட்டத்தை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் 5 புள்ளி. கூட்டாளிக்குக் கையால் கொடுக்கும்போது முன்னால் வீசக்கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்கலாம். பந்து வைத்திருப்பவனை மற்றவர்கள் கட்டிப் பிடித்து விழவைக்கலாம். ஆனால் தோளுக்கு மேலே பிடித்தால் குற்றம். விஸ்வரூபம் படத்தில் ஒமராக வந்து நம்மைப் பயமுறுத்தினாரே ராகுல் போஸ், அவர் 1998-ல் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவராம். அந்த ஆளின் தோளைப் பார்த்தால் நம்பலாம்.

இன்னொரு கதையும் சொன்னான். வெள்ளைக்காரர்கள் 1870-களில் கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். ஆள் குறைந்து 1878-ல் கிளப்பை மூடும்போது, பாங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே வாங்கி, 270 ரூபாயையும் உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை. கல்கத்தா கோப்பை என்று பேர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அதற்காக ஆடுகின்றன. அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளி ரூவா எரநூத்தி எழுவதா! மூணு பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கலாமேடா" என்றார். எங்கள் வீட்டு வழியில் யோசித்தால் அது நியாயம்தானே?

பிள்ளை தாத்தா பெருமையைப் பேசி எல்லாரையும் மயக்கிவிட்டான். "கொள்ளுத்தாத்தா கணுக்காலைப் பிடிச்சாரு, நான் இடுப்பைப் பிடிக்கிறேன். ஆட்டம் ஒண்ணுதான்" என்றான். தெருவில் தாத்தாவோடு ஆடியவரின் தம்பி ஒருவர் இருக்கிறார். அந்தப் பெரியவர் பந்தை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். "மூச்சு புடிக்க வேண்டாமா இதுக்கு?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் சப்பென்று ஆகிவிட்டது அவருக்கு. சடுகுடுவின் உயிரே அந்த ஒற்றை மூச்சில் இருக்கிறது என்பது அவர் கட்சி. இப்போதைய கபடியில் ஒரு தடவை பாடிப் போக 30 விநாடி என்று கடிகாரம் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் மூச்சுதான் கடிகாரம்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணிதான் உடைத்தார். "பெருமையெல்லாம் சரி. ஆயா காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது யாருக்கும் ஞாபகம் இல்லையா? நாளைக்கு வரப்போற பொண்ணும் கிண்ணத்துல எண்ணெய் எடுத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றார். யாரும் பேசவில்லை. அண்ணிக்குப் பயப்படக் காரணம் உண்டு. 2022 ஜூலையில் எங்கள் மாவட்டத்திலேயே, பண்ருட்டி பக்கம், கபடிக் களத்தில் ஓர் இளம் பிள்ளை பாடிப் போனபடியே விழுந்து இறந்துபோனது. அந்த வீடியோவைப் பார்த்த தாய்மார் யாருக்கும் அந்த வாரம் தூக்கம் வந்திருக்காது.

எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிடலாமா? இருபது வயசுப் பிள்ளை. சொல்லாமல் ஆடுவான். முன்னே மாதிரி ஆறு மாசம் கழித்துத் தெரியவரும். அடி பட்டாலும் மறைப்பான். அதுதான் ஆபத்து. விருத்தாசலம் திரும்பியதும் அவனைக் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடமே போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதை, ஆட்டம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரிகள் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

மூட்டு பிசகினால் நம் வீடுகளில் முதலில் கை போவது எண்ணெய்க் கிண்ணத்துக்கு. புது வீக்கத்தில் உருவக்கூடாது, சூடும் வைக்கக்கூடாது. முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான்: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வைக்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை. தோலில் நேராக ஐஸ் படக்கூடாது. இறுக்கமில்லாமல் கிரேப் பாண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கால் ஊன்றவே முடியவில்லை, எலும்பு வாட்டம் மாறியிருக்கிறது, மூட்டு மடங்கினால் பூட்டிக்கொள்கிறது என்றால் எக்ஸ்ரே, டாக்டர் என்று போக வேண்டியதுதான். முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்திருந்தால் எட்டு நாளில் ஆறாது. தாத்தாவுக்கு அதுதான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, ஆயாவை நினைத்துக்கொண்டேன்.

தலையில் அடி என்றால் இன்னும் கவனம். மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சு குழறுவது, கேட்டதையே கேட்பது, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரி. இந்த விஷயத்தில் ரக்பிக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். தலையில் பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே அனுப்பிவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கக்கூடாது என்று பிள்ளைகள் ஆட்டத்துக்கு விதியே வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் ஊர் மானம் பார்க்கிறவர்கள் இதையும் பார்த்தால் தேவலை. நெஞ்சில் அடி பட்டு விழுந்தாலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஆகாரம் பற்றியும் ஒன்று. ஆயா ஆட்டக்காரர்களுக்குச் செய்து போட்டது உளுந்தங்களி. தோல் உளுந்தையும் கொஞ்சம் பச்சரிசியையும் வறுத்து அரைத்த மாவை, கரைத்து வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீரில் கட்டி தட்டாமல் கிளறி, ஓட்டாமல் உருளும் பதத்தில் நல்லெண்ணெயைத் தாராளமாக விடுவார். வயசுக்கு வந்த பெண்ணுக்கும் அதே களி, பயில்வானுக்கும் அதே களி! என் பிள்ளை ஹாஸ்டலில் டப்பா டப்பாவாக ஏதோ பவுடர் வாங்கிக் கரைத்துக் குடிக்கிறான். அதற்குக் கொடுக்கிற விலைக்கு ஒரு மாசம் முட்டையும் பாலும் முந்திரியும் வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

படையல் அன்று சாயங்காலம் நடந்ததை இன்னும் சொல்லவில்லையே. அண்ணன் பெண் பள்ளிக்கூடத்தில் கபடிக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கத்தோடு வந்ததிலிருந்து எந்தப் பெண்ணுக்கும் ஆசை வரத்தானே செய்யும்? தஞ்சாவூர் ஜில்லாக்காரர் சேரலாதன் நாற்பது வயசு தாண்டி, 2016-ல் உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்ததைக்கூட மனப்பாடமாகச் சொல்கிறாள். அண்ணன் பிடிகொடுக்காமல், "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உடும்பு வீட்டில் ஆட்டம் ஆண் பிள்ளைகளோடு சரி என்பது அவர் எண்ணம் போலும்.

அத்தை பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "எங்கப்பா எனக்குத்தான் முதல்ல சொல்லிக் குடுத்தாரு. உங்கப்பனுக்கும் உன் சித்தப்பனுக்கும் புடி வரவே இல்ல" என்றார். எங்கள் யாருக்கும் தெரியாத சங்கதி. ஆட முடியாமல் போன பிறகு, அத்தைக்குப் பத்து பதினொரு வயசிருக்கும்போது, வெள்ளாற்று மணலில் சாயங்காலம் தாத்தா கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தாராம். தெருப் பையன்களை எல்லாம் பிடித்துக் கவிழ்த்திருக்கிறார் அத்தை. வயசுக்கு வந்ததும் தாவணி கட்டி வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். தாத்தா அதற்கும் வாய் திறக்கவில்லை.

"இங்க வாடா" என்று என் பிள்ளையைக் கூப்பிட்டு, காலை நீட்டச் சொன்னார். இவன் சிரித்துக்கொண்டே நீட்டினான். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை வளைத்துக் கணுக்காலைப் பிடித்தார். "கட்டை விரலைச் சேர்த்து வைக்காதே, ஒடிஞ்சிரும். ஒரு கையால மட்டும் புடிக்காதே. மேல பாக்காதே, அவன் முகத்தப் பாத்தா ஏமாத்திருவான். குதிகாலப் பாரு. குதிகால் பொய் சொல்லாது" என்று அண்ணன் பெண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை காலை இழுத்தான். முதலில் விளையாட்டாக, பிறகு நிஜமாகவே இழுத்தான். அத்தை நகர்ந்தாரே தவிர, பிடி நகரவில்லை. விட்டபோது வெள்ளையாக ஐந்து விரல் தடம்.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். வந்தபோது கையில் முழங்காலுக்குப் போடுகிற உறை ஒரு ஜோடி. மகளுக்காக விருத்தாசலத்தில் எப்போதோ வாங்கி, கொடுக்காமல் பீரோவில் வைத்திருந்திருக்கிறார்.

மறுநாள் ஆற்றுக்குப் போனோம். முள் இல்லாத இடமாகத் தேடி நடக்கவே அரை மணி ஆயிற்று. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர் என்று அவள் அளந்து கோடு போட்டாள். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்தோம். குறிச்சிக்கு நீங்கள் யாராவது வந்தால், பெண்ணாடம் ரோட்டுப் பக்கம் 'உடும்பு வீடு' என்று கேளுங்கள், காட்டுவார்கள். அத்தை ஊரில் இருந்தால் 1951 குடத்தையும் பார்க்கலாம். அதில் இப்போது விதை உளுந்து கொட்டி வைத்திருக்கிறார்.